எட்டாவது வட்டம்

செருப்பைத் தைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன என் மருமகள், ஒன்றரை மணி நேரம் கழித்து, அதே அறுந்த செருப்பைக் காலில் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள் என்பதோடு போன வாரம் கதையை நிறுத்தியிருந்தேன்.

வீட்டில் யாரும் செருப்பைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஆனால் நான் பார்த்ததாகச் சொல்லும் எதையும் எங்கள் வீட்டில் பாதி தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் சும்மா இருந்துவிட்டேன்.

எங்கே போனாள் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. லாரியில் ஏறி உட்கார்ந்து, வெயில் மறைப்பை இறக்கினேன். மடித்த சீட்டு ஒன்று மடியில் விழுந்தது. அடுத்தவர் சீட்டைப் படிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. திரும்ப மேலே செருகினேன். மறுபடியும் விழுந்தது. நான் படித்து முடிக்கும்வரை அது விழுந்துகொண்டே இருந்தது.

ஒன்பதாவது வாரம் என்று டாக்டர் எழுதியிருந்தார். கனமான எதையும் தூக்கக் கூடாது. இடுப்பு பெல்ட்டை இறுக்கக் கூடாது. அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி உட்கார வேண்டும். மற்ற வேலைகள் செய்யலாம். அடியில் ஸ்கேனுக்கு ஒரு தேதி. அதற்கும் கீழே, கோடு போட்டு ஒரு வரி: வேலை செய்யும் இடத்தில் தெரிவித்துவிடவும்.

அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல். வேலை செய்யும் இடம் என்பது நாங்கள்தான்.

எங்களுக்கு வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில். ஒரு லாரி, நான்கு பேர். நான் ஓட்டுவேன். கயிறும் முடிச்சும் என் மகன் பொறுப்பு. அவனுக்குச் சுருக்கு என்று பெயர். மருமகளின் அண்ணனுக்குத் தூண் என்று பெயர். பலத்துக்காக வைத்தது இல்லை. எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்பான்.

மருமகளுக்குக் கிரேன் என்று பெயர். ஒருமுறை ஒரு பீரோவைத் தனியாக முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி இறங்கினாள். கீழே வந்து கதவைத் திறந்தால் உள்ளே அந்த வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால், "அதுக்குள்ள வந்தாச்சா?" என்று கேட்டார். இதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் அவள் பலத்துக்குக் குறை வராது.

போன வருடமும் இப்படி ஒரு செய்தி வந்தது. அப்போது அவள் உடனே சொன்னாள். நான் அன்றைக்கே தெருவில் பதினேழு பேருக்குச் சொன்னேன். எட்டாவது வாரத்து ஸ்கேனில் துடிப்பு இல்லை. வேலையால் வந்தது இல்லை, யார் தப்பும் இல்லை என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் என் மகனுக்குக் காதில் ஏறவில்லை. அந்த வாரம் அவள் தூக்கிய ஒரு ஃபிரிட்ஜின் மேல் பழியைப் போட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஃபிரிட்ஜோடுகூட அவனுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் என்னைத்தான் எடுக்கச் சொல்வான்.

சுமை தூக்கும்போது அவள் இடுப்பில் கட்டும் பெல்ட்டை வாங்கிப் பூட்டி வைத்தான். நான்கு மாதம் அவள் வீட்டுக்குள்ளேயே நடந்தாள். அந்த நடையில் கூடத்தில் விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. தரை கழுவினால் தண்ணீர் நிற்கும். கடைசியில் பெல்ட்டைக் கொடுக்கும்போது ஒன்று சொல்லிக் கொடுத்தான்:

"அடுத்த தடவைன்னா, தெரிஞ்ச அன்னிக்கே நீ லாரியை விட்டு இறங்கிடணும். ஒரு பொட்டலம் தூக்கக் கூடாது. வாசல் தாண்டக் கூடாது."

இப்போது அந்த அடுத்த தடவை வந்து, என் வெயில் மறைப்பில் ஒளிந்திருந்தது.

இன்றைக்கு எங்களுக்கு பியானோ டீச்சர் வீடு. மூன்றாவது மாடி.

காலையில் லாரியில் ஏறும்போதே பார்த்தேன். மருமகளின் பெல்ட் கடைசி ஓட்டையில் தொளதொளவென்று தொங்கியது. தூண் பெட்டி ஒட்டும் டேப்பைச் சர்ரென்று இழுத்தான். அந்தப் பசை வாசனை வந்ததும் அவள் ஜன்னலுக்கு வெளியே முக்கால்வாசி போய்விட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றான் மகன்.

"உங்க மச்சான் குளிக்கலை."

"குளிச்சேன்!" என்றான் தூண்.

"எந்த மாசம்?"

மகன் சிரித்துவிட்டான். அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, எலி கடிப்பதுபோல ஓரம் ஓரமாகக் கடித்தாள். ஒரே வாயில் நான்கு பிஸ்கட் போடுகிறவள்.

டீச்சர் வீட்டில் லிஃப்ட் இருந்தது. ஒல்லியான ஒருவரும் அவருடைய குடையும் போகலாம், குடை மடித்திருந்தால். படிக்கட்டு அதைவிட ஒடுக்கம். ஏறும்போது என் நிழல் பின்தங்கிவிட்டது. அது ஒருக்களித்து வந்து சேர இரண்டு நிமிடம் ஆனது.

டீச்சர் கையில் ஒரு பட்டியலோடு நின்றார். எழுபது வயது இருக்கும். விரலைச் சொடுக்கித் தாளம் போட்டுக்கொண்டே பேசுகிற அம்மா.

"பெட்டி முப்பத்தஞ்சு. பியானோ ஒண்ணு. உயிருள்ளது ஏழு. ஆறு செடி, ஒரு ஆமை. ஆமைக்கு என்னைவிட வயசு கூட. மரியாதையாத் தூக்குங்க."

எங்கள் தொழிலில் சாமானுக்கெல்லாம் சாக்பீஸால் குறி போடுவோம். ஒரு கோடு என்றால் ஒருவர் தூக்கலாம். இரண்டு கோடு என்றால் இரண்டு பேர். பெருக்கல் குறி போட்டால் உள்ளே கண்ணாடி. ஒரு வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைத்தால், உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். வட்டம் போட்டது எதுவும் லாரிக்குப் பின்னால் போகாது. முன்னால் கேபினில், எங்களோடுதான் வரும். கிளம்புவதற்கு முன் வட்டங்களை எண்ணிப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்து வாங்குவது மகனின் வேலை. ஒரு கிளிக் கூண்டை ஒருமுறை அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டோம். அந்தக் கிளி இன்றுவரை எங்கள் லாரி எண்ணைச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறது.

குறி போடுவது எப்போதும் என் வேலை. இன்றைக்கு மருமகள் என் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் போடறேன் மாமா. உங்க கை நடுங்குது. வட்டம் போட்டா முட்டை மாதிரி வருது."

நான் ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய் அவளுக்குப் பின்னால் வைத்தேன். உட்கார்ந்தாள். ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினேன். குடித்தாள். மகனும் தூணும் முதல் பெட்டிகளோடு கீழே போனதும், ஜன்னலோரச் செடித்தொட்டி ஒன்றில் வட்டம் போட்டபடியே கேட்டாள்.

"மாமா, உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. ஒன்பது வாரம்னு மட்டும் தெரியும்."

சாக்பீஸ் நின்றது.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லலை. சொன்னாலும் பாதியைத் தள்ளிடுவாங்க. நாலரை வாரம்னு நினைச்சுப்பாங்க."

சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "வீட்ல உக்காந்தா முடியாது மாமா. காலைலேருந்து ராத்திரி வரைக்கும் அதையேதான் எண்ணிட்டு இருப்பேன். இருக்கா, போயிடுச்சா, இருக்கா, போயிடுச்சான்னு. இங்கன்னா முப்பத்தஞ்சு பெட்டியை எண்ணலாம்."

"அவன்கிட்ட சொல்லிடும்மா."

"சொன்னா பெல்ட்டைப் பூட்டிடுவாரு."

"சொல்லலைன்னா பியானோவோட கீழ்ப்பக்கம் உன்கிட்ட வரும்."

அவளுக்கும் அது தெரியும். படிக்கட்டில் இறக்கும்போது கனம் முழுக்கக் கீழ்ப்பக்கம் பிடிப்பவர் மேல் வந்து விழும். எங்களில் கீழ்ப்பக்கம் என்றால் அது கிரேன்தான். ஒன்பது வருடமாக அப்படித்தான்.

"வாயால சொல்ல வரலை மாமா," என்றாள், செடியைப் பார்த்துக்கொண்டு. "போன தடவை சொன்னேன். சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எல்லாத்தையும் அப்புறம் நான்தான் திருப்பி வாங்க வேண்டியிருந்துச்சு."

பதினேழு பேருக்குச் சொன்னவன் நான்.

காலை முழுக்க அவள் எதையும் தூக்காமலேயே வேலை பார்த்தாள். பெட்டிகளை அடுக்கும் வரிசை சொன்னாள், பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றினாள், இரண்டு தடவை டீச்சரின் பாத்ரூம் கதவை விசாரித்துக்கொண்டு போனாள். தூண் மட்டும் கேட்டான்: "என்னம்மா, இன்னிக்கு மேனேஜர் வேலையா?"

"ஆமா. உனக்கு லீவு கிடையாது. போ."

பதினொரு மணிக்கு பியானோ முறை வந்தது. கறுப்பாக, சுவரை ஒட்டி, அசைக்க நினைப்பவர்களை அலட்சியம் செய்துகொண்டு நின்றது. தூக்குப்பட்டைகளை அடியில் கொடுத்து, வாசல் தாண்டி, படிக்கட்டின் மேல்படி வரைக்கும் சக்கரப் பலகையில் தள்ளிவிட்டார்கள்.

"நான் மேல. மச்சான் பக்கத்துல. நீ கீழ்ப்பக்கம்," என்றான் மகன், வழக்கம்போல அவளைப் பார்க்காமலேயே.

இதுதான் சமயம் என்று நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். "ஐயோ, இடுப்பு புடிச்சுக்கிச்சு! உசுரு போகுது! எல்லாரும் வேலையை நிறுத்துங்க!"

"அப்பா, ஓரமா நின்னு சாகுங்க. வழியை மறைக்காதீங்க," என்றான் மகன்.

வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்னவனுக்கு ஒரு நல்ல பொய் தேவைப்படும் நேரத்தில் இதுதான் கதி.

அவள் இரண்டு படி இறங்கி நின்றாள். பட்டையைத் தோளில் மாட்டினாள். இன்னொரு கை பெல்ட்டின் மேல் போனது. இறுக்கவில்லை, சும்மா அங்கேயே தங்கியது.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித்தான் தூக்குவோம். மூன்று வருவதற்குள் யாருக்காவது மனசு ஒப்பவில்லையென்றால் "வை" என்று சொல்லலாம். சொன்ன நொடியே எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கனத்துக்கு அடியில் நிற்பவனிடம் காரணம் கேட்பதைப்போல ஆபத்து வேறு இல்லை. அந்தச் சொல்லுக்கு மாமனார், புருஷன் என்கிற மரியாதையும் கிடையாது. தூண் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வான், பசித்தால்கூடச் சொல்வான். கிரேன் ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"ஒண்ணு," என்றான் மகன்.

அவள் முழங்கால் மடங்கியது.

"ரெண்டு."

"வை."

படிக்கட்டில் ஓர் ஈ பறந்திருந்தால் அதன் மூச்சு கேட்டிருக்கும். மூன்று பேரும் கையை எடுத்துவிட்டார்கள்.

"கை வழுக்குதா?" என்றான் தூண்.

"கேக்கக் கூடாது மச்சான்," என்றான் மகன். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் சொன்னதற்காக இல்லை, அவள் சொல்லக்கூடியவள் என்பதற்காக. அலமாரிகளோடும் இரும்புப் பெட்டிகளோடும் மல்லுக்கு நின்று ஜெயித்த ஒருத்தி, கனத்துக்கு முன்னால் முதல் தடவையாகக் கையை எடுத்திருக்கிறாள். ஒரு திராட்சை அளவுக்கு இருக்கும் ஒன்றுக்காக என்பது எனக்கு மட்டும் தெரியும். எத்தனையோ கதை விட்டிருக்கிறேன். இதில் ஏற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

அவள் பட்டையைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தாள். "மொட்டை மாடியில தண்ணித் தொட்டி ஏத்தின இரும்பு உத்தரம் இருக்கு. காலையிலேயே பாத்தேன். செயின் பிளாக் கப்பியை மாட்டி பால்கனி வழியா இறக்கலாம். பால்கனிக் கம்பியைக் கழட்ட நாலு போல்ட்தான். நான் தெருவுல நின்னு சொல்றேன்."

"ரெண்டு மணி நேரம் கூட ஆகும்," என்றான் மகன்.

"ஆகட்டும்."

அவன் அவளையே ஒரு கணம் பார்த்தான். கேட்கக் கூடாது என்பதால் கேட்கவில்லை. சங்கிலியை எடுக்கப் போனான்.

அந்த பியானோ இறங்கியதை அந்தத் தெருவே பார்த்தது. மகன் மொட்டை மாடியில் சங்கிலியை இழுத்தான். தூண் பால்கனியில் பக்கக் கயிற்றைப் பிடித்தான். நான் இந்தப்பக்கம் வருகிறவர்களை நிறுத்தினேன். மருமகள் எதிர்ச் சுவரோரம், என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அண்ணாந்து குரல் கொடுத்தாள்.

"விடுங்க... விடுங்க... அண்ணே, கயிறை இழு, சுவத்துல இடிக்குது! போதும். விடுங்க... மெதுவா..."

இருநூற்றைம்பது கிலோ பியானோ. அவள் ஒரு விரலால்கூடத் தொடவில்லை. ஆனால் அது அவள் சொன்னபடி கேட்டது. நில் என்றால் காற்றில் நின்றது. திரும்பு என்றால் திரும்பியது. இரண்டாவது மாடிக்கு நேராக வந்தபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. காற்றா, சங்கிலியின் அதிர்வா தெரியாது. ஒரே ஒரு சுரம், நீளமாக. போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் இறங்கி நின்றார். டீச்சர் சொடுக்கிக்கொண்டிருந்த விரலை நிறுத்திவிட்டார்.

"முப்பது வருஷமா வாசிக்கறேன்," என்றார். "இப்படி ஒரு தடவைகூட எனக்கு வரலை."

பியானோ தரையைத் தொட்டபோது ஓர் இலை விழுந்த அளவுக்குத்தான் சத்தம் கேட்டது. இதில் யாரும் எதையும் தள்ள வேண்டாம், டீச்சரே சாட்சி.

சாமானெல்லாம் ஏற்றி முடிய மூன்று மணி ஆகிவிட்டது. மருமகள் எனக்கு முன்பே போய் கேபினின் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். சுற்றிலும் செடிகள், காலடியில் ஆமையின் பெட்டி. மகன் பட்டியலோடு கதவைத் திறந்து, ஒவ்வொன்றாக விரல் நீட்டி வட்டங்களை எண்ணினான்.

"அஞ்சு... ஆறு... ஆமை ஏழு." விரல் நகர்ந்தது. "எட்டு."

பட்டியலைப் பார்த்தான். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். மறுபடியும் எட்டுதான்.

எட்டாவது வட்டம் அவளுடைய சாம்பல் நிற வேலைச் சட்டையில் இருந்தது. பெல்ட்டைக் கழற்றியிருந்தாள். அது இருந்த இடத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, ஒரு வட்டம். நடுவில் ஒரு புள்ளி.

"சாக்பீஸ் ஒட்டிட்டிருக்கு பாரு," என்று கையை நீட்டித் தட்டிவிடப் போனான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கிரேன் பிடித்தால் பிடித்ததுதான்.

"அழிக்காதீங்க," என்றாள். "அதுவும் கணக்குல சேத்திதான்."

அவனுடைய கை அந்தரத்தில், அந்த வட்டத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. மூன்றாவது மாடிக்கும் தெருவுக்கும் நடுவில் பியானோ நின்றதே, அப்படி. தொடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. என் மகனுக்கு முப்பத்து மூன்று வயது. அவனுடைய முகத்தை அத்தனை வருடமாகப் பார்க்கிறேன். இன்றைக்குத்தான் அவன் பிறந்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தான்.

அப்புறம் அந்த முகத்தில் ஃபிரிட்ஜ் வந்தது. எனக்குத் தெரிந்தது.

"நாளைலேருந்து நீ..."

"வை," என்றாள்.

சட்டம் சட்டம்தான். வாயை மூடினான்.

"கனம் எதையும் தூக்க மாட்டேன். இன்னிக்குத் தூக்கலை, பாத்தீங்கல்ல? சாக்பீஸ் என்கிட்ட. தெருவுல நின்னு குரல் கொடுக்கறது என்கிட்ட. உக்காரணும்னா உக்காருவேன், முடியலைன்னா முடியலைன்னு சொல்லுவேன். ஆனா லாரியை விட்டு இறங்க மாட்டேன்." ஒரு மூச்சு விட்டாள். "நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கேன். துடிப்பு இருக்கான்னு பாப்பாங்க. போன தடவை நீங்க வெளியவே நின்னுட்டீங்க. உள்ள நான் தனியாப் படுத்துட்டு அந்தத் திரையைப் பாத்தேன். நாளைக்கு உள்ள வருவீங்களா?"

அவன் பட்டியலை எடுத்தான். உயிருள்ளது ஏழு என்று இருந்ததை அடித்து, எட்டு என்று எழுதினான். டீச்சரிடம் கொண்டுபோய் நீட்டினான். அந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் பட்டியலைப் பார்த்தார், கேபினைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்து கதவைச் சாத்தினான். எங்கள் லாரிக் கதவை அவன் சாத்தினால் அடுத்த தெருவில் நாய் குரைக்கும். இன்றைக்குச் சத்தமே வரவில்லை; சாத்தினானா இல்லையா என்று நான் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறி, தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினான். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வாங்கிக்கொண்டாள். பாட்டில் கைமாறிய பிறகும் அவனுடைய கை அப்படியே பின்னால் நீண்டிருந்தது.

"போங்கப்பா," என்றான். "பள்ளம் பாத்து."

நான் வண்டியை எடுத்தேன். இன்றைக்கு நான் ஓட்டிய வேகத்தில், ஆமை பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னை இரண்டு தடவை பார்த்தது. நமக்கு ஒன்றும் அவசரம் இல்லை, ஆனாலும் இது கொஞ்சம் அதிகம் என்பது போல.